கீழிருந்து மேலாக

எங்கள் அச்சகத்தில் எனக்கு 'யாரு' என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்ல அங்கே ஒருவனுக்கும் துணிச்சல் கிடையாது. மருந்து டப்பாவுக்குள் எட்டாக மடித்து ஒரு காகிதம் வைத்திருப்பார்களே, யாரும் படிக்காத காகிதம், அதன் ஆங்கிலத்தைப் பிழை பார்ப்பது என் வேலை. மிக்சி, தண்ணீர் மோட்டார், குழந்தை வண்டி என்று எதை வாங்கினாலும் கூடவே வரும் குறிப்புப் புத்தகமும் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். இருபத்தாறு வருடமாகப் பார்க்கிறேன். ஆங்கிலத்தில் எச்சத்தை ஒழுங்காக எழுதத் தெரிந்த ஒரு ஆத்மா இதுவரை எனக்கு அகப்படவில்லை.

எச்சம் என்றால் காக்கை போடுவது இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்தோமே வினையெச்சம், பெயரெச்சம், அது. ஆங்கிலத்தில் பார்ட்டிசிபிள் என்பார்கள். 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்று தமிழில் சொன்னால் ஒரு குறையும் இல்லை. பெய்தது மழை, நிறைந்தது குளம், தமிழ் பெருந்தன்மையாக விட்டுவிடும். ஆங்கிலம் விடாது. வாக்கியத்தின் தலையில் ஒரு எச்சத்தை வைத்தால், அந்த வேலையைச் செய்தவர் கமாவுக்கு அடுத்து வந்து நின்றாக வேண்டும். நம் ஆட்களோ தமிழில் கிடைத்த சலுகையை அப்படியே ஆங்கிலத்துக்கும் தூக்கிக்கொண்டு போவார்கள். 'மாத்திரையை விழுங்கி, தண்ணீர் குடிக்கப்பட வேண்டும்' என்று எழுதுவார்கள். அதன்படி பார்த்தால் மாத்திரையை விழுங்கியது தண்ணீர். நான் ஓரத்தில் 'விழுங்கியது யார்?' என்று எழுதித் திருப்பி அனுப்புவேன். திறந்தது யார், குலுக்கியது யார், துடைத்தது யார் என்று கேட்டுக் கேட்டு வாங்கிய பெயர் அது.

எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். செங்குத்தான படியாக இருப்பதால் தாங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறவும் என்று கொட்டை எழுத்தில் ஆங்கிலம். 'பீயிங்' என்ற எச்சத்தில் தொடங்கி கமாவுக்கு அடுத்து 'யூ' என்று வருவதால், அந்த ஆங்கிலத்தின்படி செங்குத்தான படி, அதைப் படிக்கிற நான்தான். குடியிருப்புச் செயலாளரிடம் மூன்று முறை சொன்னேன். "புரியுதுல்ல சார், அப்புறம் என்ன?" என்றார். புரிந்தால் போதும் என்று நினைக்கும் கூட்டத்தால்தான் உலகம் இந்த லட்சணத்தில் இருக்கிறது.

எனக்கு ஒரே மகள். இருபத்தொன்பது வயது முடியப் போகிறது. பட்டம் வாங்கியிருக்கிறாள். ஆறு வருடமாக ஒரு கூரியர் கடையில் உட்கார்ந்து உறைகளுக்கு எடை போட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டு நல்ல கம்பெனிகள் நேர்முகத்துக்குக் கூப்பிட்டன. இரண்டு இடத்திலும் ஆங்கிலத்தில் கேட்டார்கள், இவள் திருதிருவென்று விழித்துவிட்டு வந்தாள். மூன்றாவதாக ஒரு சரக்குக் கப்பல் கம்பெனி விளம்பரம் செய்திருந்தது. வாடிக்கையாளர்களோடு ஆங்கிலத்தில் பேச, கடிதம் எழுத ஆள் வேண்டும், வயது முப்பதுக்குள் என்று போட்டிருந்தார்கள். அவளுக்கு அடுத்த மாதம் முப்பது. இது போனால் இனி எந்தக் கம்பெனியும் அவள் விண்ணப்பத்தைத் தொடாது, எடைத் தராசே கதி என்று வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும்.

வீட்டிலேயே ஆங்கிலம் இருக்கும்போது மகள் என்ன செய்தாள் தெரியுமா? பஸ் நிலையத்துக்கு எதிரே, மெத்தைக் கடைக்கு மேலே இருக்கும் ஒரு பயிற்சி நிலையத்தில் போய்ச் சேர்ந்தாள். அவர்களுடைய துண்டுப் பிரசுரத்தை நான் பார்த்திருக்கிறேன். 'ஆர் யூ கன்ஃபியூசிங் இன் இங்கிலீஷ்?' என்று கேட்டிருந்தார்கள். நீங்கள் ஆங்கிலத்தில் மற்றவர்களைக் குழப்புகிறீர்களா என்று அர்த்தம். கேட்பவர்களே அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொல்லிச் சிரித்தேன். மகள் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அவளுக்கு நகைச்சுவை உணர்வு கொஞ்சம் மட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

விண்ணப்பத்தோடு தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அனுப்புவதற்கு முதல் நாள் அதை என் மேசையில் வைத்தாள். அவளாக வைக்கவில்லை, அவள் அம்மா வைக்கச் சொல்லியிருக்கிறாள்.

"கொஞ்சம் பாத்துடுங்கப்பா."

"மெத்தைக்கடை ஆங்கிலமா? பாத்துட்டா போச்சு."

இங்கே என் தொழில்முறையைச் சொல்ல வேண்டும். பிழை பார்ப்பவன் மேலிருந்து கீழே படிக்கக் கூடாது. அப்படிப் படித்தால் அர்த்தம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும், கண் எழுத்தை விட்டுவிடும். அதனால் நான் கடைசி வாக்கியத்தில் ஆரம்பிப்பேன். அதை முடித்து ஒரு டிக் போட்டுவிட்டு அதற்கு மேலே இருக்கும் வாக்கியத்துக்குப் போவேன். இப்படி ஒவ்வொன்றாக ஏறி முதல் வரிக்குப் போய்ச் சேரும்போது, ஒரு பிழை தப்பியிருக்காது. என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் மட்டும் சொல்லத் தெரியாது. அது எனக்கெதற்கு? வயிற்று வலி மருந்தா கண் மருந்தா என்று தெரியாமலே நூற்றுக்கணக்கான காகிதங்களை அனுப்பியிருக்கிறேன். அச்சகத்தில் புதிதாக வருபவர்களுக்கும் இதையே சொல்லுவேன், அர்த்தத்தின் பக்கம் போகாதே, அது மற்றவன் வேலை.

மகளின் பக்கத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அப்படித்தான் பார்த்தேன். கடைசியிலிருந்து ஏறினேன். இரண்டு கமா, ஒரு 'தி', ஒரு ஒருமை பன்மை. மேலேயிருந்து இரண்டாவது வாக்கியம் எச்சத்தில் தொடங்கியது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'ஹேவிங் லாஸ்ட்' என்று ஆரம்பித்து, ஒரு கமா, அதற்கு அடுத்து 'ஐ'. இழந்தவர் யார் என்று நான் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல், இழந்தவர் சரியான இடத்தில் வந்து நின்றிருந்தார். செய்வினை, செயப்பாட்டு வினை, காலம், எதிலும் கை வைக்க முடியவில்லை. எனக்கே ஆச்சரியம். ஒரு டிக் போதாது என்று இரண்டு டிக் போட்டு, ஓரத்தில் 'எக்சலண்ட்' என்றும் எழுதினேன். என் வாழ்க்கையில் நான் அந்த வார்த்தையை எழுதியது அதுதான் முதல் தடவை.

"ரெண்டாவது வாக்கியம் பரவாயில்லையே. யார்கிட்டருந்து சுட்டே?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். காகிதத்தை வாங்கிக்கொண்டு போய், திருத்தியபடி வேறு தாளில் எழுதி மறுநாள் அனுப்பிவிட்டாள்.

பத்து நாள் கழித்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. என் மனைவி கடிதத்தைப் பிரித்து என் கையில் கொடுத்தாள். அதில் மகளின் விவரங்கள் ஒரு கட்டத்துக்குள் அச்சாகியிருந்தன. பிறந்த தேதி சரி. முகவரி சரி. பெற்றோர் என்ற இடத்தில் என் மனைவியின் பெயர் மட்டும் இருந்தது. அப்பா என்ற இடத்தில் 'டிசீஸ்டு' என்று போட்டிருந்தது, காலமானவர் என்று.

"இவனுங்களுக்கு ஒரு ஃபாரம்கூட ஒழுங்கா அடிக்கத் தெரியல. மனுஷனைச் சாகடிச்சுட்டானுங்க" என்று கத்தினேன். "போன் பண்ணி நாலு வார்த்தை கேக்குறேன் பாரு."

"போன் பண்ணாதீங்கப்பா" என்றாள் மகள். "அவங்க மேல தப்பு இல்ல."

உள்ளே போய் நான் திருத்திக் கொடுத்த பக்கத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். இரண்டாவது வாக்கியத்தை விரலால் காட்டினாள். 'ஹேவிங் லாஸ்ட் மை ஃபாதர் அட் அன் ஏர்லி ஏஜ், ஐ வாஸ் பிராட் அப் பை மை மதர்.' சிறு வயதிலேயே தந்தையை இழந்த நான் தாயால் வளர்க்கப்பட்டேன். பக்கத்தில் என் கையெழுத்தில் இரண்டு டிக், ஒரு 'எக்சலண்ட்'.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வரும், ஆனால் மேலிருந்து கீழாகப் படிப்பாள்.

"ஏங்க, செத்துப் போனதுக்கு நீங்களே சர்டிஃபிகேட் குடுத்திருக்கீங்களே" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

மூக்குக்கு மேல் கோபம் வந்தது. யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டேன். பயிற்சி நிலையத்தில் கொடுத்த மாதிரிப் பத்தி, எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள் என்றாள். அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நேரே மெத்தைக் கடைக்கு மேலே போனேன்.

அங்கே இருந்தவர் கழுத்தில் டை கட்டியிருந்தார். மின்விசிறி இல்லாத அறையில் டை. என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"என் பொண்ணோட அப்பா நான். உயிரோடதான் இருக்கேன்."

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றார் டைக்காரர்.

"சந்தோஷமா? நீங்க என்னைக் கொன்னு போட்டு ஒரு வாக்கியம் எழுதிக் குடுத்திருக்கீங்க."

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் ஒரு ஃபைலை எடுத்து என் முன்னால் விரித்தார். எல்லாம் இந்த வருட மாணவர்களின் பக்கங்கள். எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்று இருந்தது. நாற்பத்தொரு பேரும் சிறு வயதிலேயே தந்தையை இழந்து தாயால் வளர்க்கப்பட்டிருந்தார்கள்.

"அது எச்சத்துக்கு ஒரு உதாரண வாக்கியம் சார். பார்ட்டிசிபிள் போட்டா வெயிட்டா இருக்கும்னு குடுத்தோம். அப்பாங்கற எடத்துல அவங்கவங்க கதையை மாத்திக்கணும்னு வகுப்புல சொன்னோம். மாத்துனா இலக்கணம் கெட்டுடுமோன்னு பயந்துகிட்டு எவனும் மாத்தல. ஒருத்தன் அப்பாவோட பைக்ல வந்து எறங்குறான் சார், அவனும் இதைத்தான் எழுதியிருக்கான்."

"நீங்க படிச்சுப் பாக்க மாட்டீங்களா?"

"நாங்க பாக்கலைன்னா என்ன, வீட்ல பெரியவங்க பாத்திருப்பாங்கன்னு நெனைச்சோம்" என்றார்.

திட்டுவதற்காக எடுத்து வைத்திருந்த வார்த்தைகளை எல்லாம் மென்று விழுங்கிவிட்டுப் படியிறங்கினேன். கிளிப்பிள்ளைகள், கிளிப்பிள்ளைகளுக்குக் கூண்டு செய்து விற்கிறவன், என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். அந்த ஆளைத் திட்டுவது சுலபமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டேன்.

"நேர்முகத்துல முதல் வேலையா இதைத் திருத்திச் சொல்லணும். அப்பா இருக்கார்னு. எச்சத்துலயே சொல்லலாம். ஹேவிங் பீன் கைடட் பை மை ஃபாதர், அப்பாவால வழிகாட்டப்பட்டு, அப்படின்னு ஆரம்பி."

"எப்பங்க வழி காட்டுனீங்க?" என்று என் மனைவி கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவள் போலக் கேட்டாள்.

"நீ சும்மா இரு."

மகள் பேசினாள். என் வீட்டில் அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"அந்தப் பத்தியை என் கையால எழுதுனேன்ப்பா. வகுப்புல மாத்திக்கச் சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மாத்தணும்னு எனக்குத் தோணல. எழுதும்போது பொய் எழுதறேன்னே தோணல. ஒம்பது வயசுல கட்டுரைப் போட்டியில பரிசு வாங்கிட்டு ஓடி வந்தேன். 'ஐ ஆம் வெரி எக்சைட்டிங்'னு சொன்னேன். நீங்க கப்பைப் பாக்கல. எக்சைட்டிங்கா, எக்சைட்டடான்னு கேட்டீங்க. யாரைம்மா எக்சைட் பண்றேன்னு கேட்டுச் சிரிச்சீங்க. மாமா வந்தப்ப சொன்னீங்க, உங்க ஆபீஸ்ல சொன்னீங்க, போன மாசம் கூரியர் முதலாளி வீட்டுக்கு வந்தப்பகூட சொன்னீங்க. அதுக்கப்புறம் நான் உங்க முன்னாடி இங்கிலீஷ்ல வாயைத் திறந்து பாத்திருக்கீங்களா? ரெண்டு இண்டர்வியூலயும் எனக்குப் பதில் தெரியும்ப்பா. நாக்கு நுனி வரைக்கும் வந்துடும். நீங்க கேட்டுக்கிட்டிருக்கற மாதிரி இருக்கும், அப்படியே நின்னுடும்."

நான் என்ன செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. 'தப்பைத் தப்புன்னு சொல்லாம வேற என்ன சொல்றது?' என்று கேட்டேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

நேர்முகத்தன்று கூடவே கிளம்பினேன். வேண்டாம் என்று என் மனைவி சொன்னாள், மகள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். செத்தவன் என்று அச்சடித்துவிட்டார்கள், ஆள் உயிரோடு இருப்பதைக் காட்ட ஆளே போவதைவிட நல்ல அத்தாட்சி ஏது என்பது என் கட்சி. கப்பல் கம்பெனி மூன்றாவது மாடியில் இருந்தது. இரும்புப் படிக்கட்டு, ஏறினால் கட்டடம் முழுக்கச் சத்தம் கேட்டது. வரவேற்பு மேசைப் பெண் எங்களை உட்காரச் சொன்னாள். நேர்முக அறை என்பது வெறும் பிளைவுட் தடுப்பு, ஆள் உயரத்துக்கு மேல் காலியாகக் கிடந்தது. உள்ளே ஒருவர் காகிதம் புரட்டுவதுகூடக் கேட்டது.

மகளை உள்ளே கூப்பிட்டார்கள். போகும்போது என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். நான் சொல்லிக் கொடுத்ததை மறந்துவிடாதே என்ற அர்த்தத்தில் ஆட்டினேன்.

உள்ளே ஒரு ஆண் குரல், வயதான குரல், நிதானமான ஆங்கிலத்தில் கேட்டது. சின்ன வயதிலேயே அப்பாவை இழந்திருக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், கஷ்டமாக இருந்திருக்குமே, அதைப் பற்றிச் சொல்லுங்கள் என்றது.

பதில் வரவில்லை. நான் நாற்காலியின் நுனிக்கு வந்தேன். சொல்லு, ஹேவிங் பீன் கைடட், சொல்லு என்று என் உதடு அசைந்தது. உள்ளே நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றது அந்தக் குரல். அப்போதும் பதில் வரவில்லை. இன்னொரு குரல், பெண் குரல், வேறு கேள்விக்குப் போகலாமா என்று மெல்லக் கேட்டது.

அந்த அமைதி எனக்குப் பழக்கமானது. இருபது வருடமாக என் சாப்பாட்டு மேசையில் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அடக்கம் என்று நினைத்திருந்தேன், சில நாள் அசட்டுத்தனம் என்றும் நினைத்திருந்தேன். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்து அவளுடைய முதல் வார்த்தைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன், அது அவளுக்குத் தெரியும், அதனால்தான் அவளுக்கு வாய் வரவில்லை. இன்னும் இரண்டு நிமிடம் இப்படியே போனால் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். அடுத்த மாதம் முப்பது. உலகத்தில் இருக்கிற முட்டாளை எல்லாம் தேடிப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தவனுக்கு, அந்தப் பட்டியலில் ஒரு ஆள் விட்டுப்போனது அப்போதுதான் தெரிந்தது.

நாற்காலியைச் சத்தம் வரும்படி பின்னால் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"அம்மா, நான் கீழ போறேன்" என்று வரவேற்பு மேசைப் பெண்ணிடம் உரக்கச் சொன்னேன். "டீ குடிச்சுட்டு அங்கயே இருப்பேன். மேல வர மாட்டேன்."

"அதுக்கு ஏன் சார் கத்துறீங்க?" என்றாள் அவள்.

படிக்கு வந்தேன். முட்டிவலியைப் பார்க்காமல் ஒவ்வொரு படியிலும் காலை ஓங்கி வைத்தேன். இரும்பு அதிர்ந்தது. நாலு படி இறங்கியிருப்பேன், மேலே மகளின் குரல் கேட்டது. அதில் நடுக்கம் இருந்தது. என் அப்பா இருக்கிறார், சார், நான்தான் தப்பாக எழுதிவிட்டேன், ஏன் எழுதினேன் என்று சொல்லட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். சொல்லுங்கள் என்றார் அந்தப் பெரியவர்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். முதல் வாக்கியத்தில் ஒரு தப்பு, அடுத்ததில் இரண்டு. என் கால் ஒரு கணம் நின்றது. அப்புறம் இன்னும் ஓங்கி மிதித்துக்கொண்டு இறங்கினேன். கடைசிப் படி வரைக்கும் அவள் நிறுத்தவே இல்லை.